டச்சப் முதல் ஃபில்டர் வரை

இந்தத் தீபாவளிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினாள். அவளுக்கு வயது 77. என்னைவிட ஆறு வயது மூத்தவள். வந்த மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "டேய், எனக்குத் தனியா ஒரு நல்ல படம் எடுத்து வைடா. நான் போன பிறகு ஏதாவது கல்யாண ஆல்பத்துக் கூட்டத்திலிருந்து என் தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெருசு பண்ணி மாட்டிடாதீங்க" என்றாள். அத்தான் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதற்காம். என் மனைவி "காலங்கார்த்தால என்ன பேச்சு இது" என்று கடிந்துகொண்டாள். அக்கா விடுவதாக இல்லை.

கேமராக்களெல்லாம் இப்போது என் அலமாரியில் தூங்குகின்றன. பேத்திதான் தன் போனில் எடுத்தாள். பின்கட்டில், கிணற்றடிக்குப் போகும் வாசலில் நாற்காலியைப் போட்டு, அரக்கு நிறப் பட்டுப்புடவையில் அக்காவை உட்கார வைத்து எடுத்தாள். ஐந்தே நிமிடத்தில் அந்த ஒரு படத்தை ஏழு படமாக்கிக் காட்டினாள். ஒன்று, எங்கள் பழைய ஆல்பம் மாதிரி மங்கிப் பழுப்பேறியிருந்தது. ஒன்று கறுப்பு வெள்ளை, மணல் தூவியதுபோலப் பொரிப்பொரியாக. இன்னொன்றில் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல், மூலையில் ஆரஞ்சு எழுத்தில் 98 என்று ஒரு தேதி. "இதெல்லாம் ஃபிலிம் லுக், பாட்டி. இப்ப இதுதான் டிரெண்ட்" என்றாள்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுல எதுடி நான்?" என்றாள். கடைசிப் படத்தில் செயலி அவள் முகத்தை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அட, அந்த ஸ்டூடியோக்காரர் இன்னும் பென்சிலைக் கீழே வைக்கலியா!"

பேத்திக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தப் பென்சில் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். ஐம்பது வருடமாகப் போட்டோப் பைத்தியம் பிடித்தவன் என்பதால், அந்த ஏழு சாயல்களின் பூர்வீகத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1968. எனக்குப் பதினைந்து வயது. அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அக்கா நல்ல கறுப்பு. அப்போது எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். "மாநிறம்" என்றுதான் தரகரிடம் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அவளைக் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். தூணும் படிக்கட்டும் வரைந்த திரை, உயரமான ஸ்டாண்டில் ஒரு பூச்சாடி, மூன்று கால் பெட்டிக் கேமரா, அதற்கு மேல் கறுப்புத் துணி. படம் எடுத்து முடிந்ததும் அப்பா ஸ்டூடியோக்காரரைத் தனியாக அழைத்து மெதுவாக ஏதோ சொன்னார். அவர், "டச்சப் பண்ணித் தர்றேன் சார், கவலைப்படாதீங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் படத்தை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். வேலை முடியவில்லை. "உட்காரு தம்பி" என்றார். அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாய்வான ஒரு மேசை. அதன் நடுவில் சதுரமாகக் கண்ணாடி. கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சரித்து வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேலே எழும்பி நெகட்டிவின் ஊடாக வந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பது தெரிந்ததுதான்: வெளுத்த இடம் கறுப்பாகவும், கறுத்த இடம் கண்ணாடியாகவும் தெரியும். அக்காவின் முகம் அதில் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. வெளிச்சம் அதன் வழியாகத் தாராளமாகப் போய்த் தாளைக் கறுக்கச் செய்யும். அதைத் தடுக்க வேண்டும். முதலில் நெகட்டிவின் மேல் வார்னிஷ் போன்ற ஒரு திரவத்தைப் பஞ்சால் தடவினார், பென்சில் பிடிப்பதற்காக. பிறகு ஊசி மாதிரி நீளமாகச் சீவிய பென்சிலால், கண்ணுக்குத் தெரியாத காற்புள்ளிகளாக, கன்னத்திலும் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வைத்துக்கொண்டே போனார். பெரிய இடங்களுக்கு மெல்லிய தூரிகையால் சிவப்புச் சாயம். சிவப்பை ஏன் பூசுகிறீர்கள் என்று கேட்டேன். பிரிண்ட் போடும் தாளுக்குச் சிவப்பு கண் தெரியாது, அதனால் சிவப்பும் அதற்குக் கறுப்பு மாதிரிதான் என்றார். எனக்குப் போட்டோப் பைத்தியம் பிடித்தது அந்த மேசையில்தான்.

உறையில் போட்டுக் கொடுத்த படத்தில் அக்கா நிலவு மாதிரி இருந்தாள். அம்மாவுக்குப் பரம திருப்தி. மாயவரத்திலிருந்து ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள். அவர்களும் உடனே வந்துவிட்டார்கள்.

அக்கா கேசரித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். பையனின் அம்மா அவளைப் பார்த்தார். மடியில் இருந்த படத்தைப் பார்த்தார். வெகு இயல்பாக, துளிக்கூடக் கெட்ட எண்ணமில்லாமல், "இவங்க மூத்த பொண்ணா? போட்டோவில இருக்கறது தங்கச்சிதானே?" என்று கேட்டார்.

அக்காவுக்குத் தங்கை கிடையாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடத்தில் யாரும் பேசவில்லை. கேசரி அப்படியே ஆறிப்போனது.

அன்றைக்கு ராத்திரி அவள் அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான். "இனிமே அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீங்கப்பா. வர்றவங்க நேரா வந்து பார்த்துக்கட்டும்." அத்தான் 1970-ல் போட்டோ பார்க்காமலேயே வந்தார். அந்த ஸ்டூடியோக்காரர்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டதை, கேட்டதைவிட நன்றாகவே செய்து கொடுத்தார்.

ஃபில்டர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் முதல் உரிமை காபிக்கு. அடுத்தது கேமராவுக்கு. லென்ஸுக்கு முன்னால் திருகும் மஞ்சள் கண்ணாடிதான் எங்கள் காலத்து ஃபில்டர். அது நீல வானத்தைச் சற்றுக் கறுக்கச் செய்து மேகத்தை எடுத்துக் காட்டும். படம் எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது அது. எடுத்தபின் மாற்ற முடியாது. இப்போதோ எடுத்தபின்தான் எல்லா முடிவும்.

1974-ல் முதல் சம்பளத்தில் ஆக்ஃபா கிளிக் III வாங்கினேன். 120 ரோலில் பன்னிரண்டு படம், எல்லாம் சதுரம். பின்பக்கம் ஒரு சிறிய சிவப்பு ஜன்னல், அதில் எண் தெரியும்வரை திருக வேண்டும். வெயிலில் நின்று திருகினால் அதன் வழியாக வெளிச்சம் புகுந்துவிடும் என்று கட்டைவிரலால் மூடிக்கொண்டு திருகுவோம். அப்படியும் புகுந்துவிட்டால் படத்தின் மேல் வெள்ளையாக ஒரு தீற்றல் விழும். பேத்தியின் போனில் சிவப்பாகத் தெரிந்ததும் அதே கோளாறுதான். கலர் ஃபிலிம் என்பதால் அது சிவப்பு.

நான் அதிகம் போட்ட ஃபிலிம் இந்து. ஊட்டியில் செய்தது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960-ல் தொடங்கி, ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஃபிலிமுக்குத் தூசி ஆகாது, வெக்கை ஆகாது. அதனால்தான் மலைமேல் இடம் பார்த்தார்கள். இன்றும் ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்த ஃபிலிமை வாங்கி, ராத்திரி குளியலறை ஜன்னலில் போர்வையை அடித்து, டெவலப்பரும் ஹைப்போவும் கலந்து, நானே கழுவுவேன். காலையில் அப்பா பல் தேய்க்க வரும்போது கொடியில் துணிக்குப் பதிலாக நெகட்டிவ் தொங்கும்.

அந்தக் காலத்தில் எங்களுடைய பாடெல்லாம், படத்தில் பொரி தெரியக் கூடாது என்பதற்காகத்தான். பொரி என்பது வேறொன்றுமில்லை, ஃபிலிமில் இருக்கும் வெள்ளித் துகள்களின் கூட்டம். வெளிச்சம் குறைவான இடத்தில் எடுக்க வேகமான ஃபிலிம் போட்டால், துகள் பெரிதாகித் தெரியும். டெவலப்பரின் சூடு கூடினாலும் தெரியும். அதைக் குறைக்கக் கோடையில் பானைத் தண்ணீரில் கிண்ணத்தை மிதக்க விட்டிருக்கிறேன். இப்போது பேத்தி ஒரு கோட்டை விரலால் இழுத்து, இல்லாத பொரியை வரவழைக்கிறாள்.

யோசித்தால், இந்தச் சாயல்கள் பெரும்பாலும் நாங்கள் தலையில் அடித்துக்கொண்ட கோளாறுகள்தான். மங்கிய பழுப்பு, பழைய கலர் பிரிண்ட்டுகளில் சாயம் வெளிறியதால் வந்தது. கலர் படத்தில் மூன்று சாயங்கள். இருட்டில், பெட்டிக்குள் வைத்திருந்தாலும்கூட அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் கழன்றுகொள்ளும். மிச்சம் இருப்பது சிவப்பேறிய படம். எங்கள் வீட்டில் அம்மாவின் ஒரே கலர் படம், 1979-ல் எடுத்தது, அப்படித்தான் ஆகிவிட்டது. அம்மா கட்டியிருந்தது பச்சைப் புடவை என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். முதல்முறை பேத்தி அந்த வெளிறிய சாயலைத் தன் கல்லூரித் தோழிகளின் படத்துக்குப் போட்டுக் காட்டியபோது எனக்குச் சட்டென்று ஒரு வருத்தம் வந்தது, சொல்லவில்லை.

செபியா என்று எல்லாச் செயலியிலும் ஒன்று இருக்கும். பழசு என்பதற்கு அடையாளமே அதுதான். ஆனால் அந்தப் பழுப்பு, படம் பழசானதால் வந்தது அல்ல. பழசாகாமல் இருப்பதற்காகவும் வேண்டுமென்றே செய்தது. படத்திலுள்ள வெள்ளியை ரசாயனத்தால் வெள்ளி சல்ஃபைடாக மாற்றினால் காற்றும் ஈரமும் அதைச் சுலபத்தில் தொட முடியாது. அந்தச் சல்ஃபைடின் நிறம் பழுப்பு. சுவர்களில் தாத்தா பாட்டி படங்கள் இன்றும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1989-ல் ஒரு நண்பரின் எஸ்.எல்.ஆர். கேமராவை இரவல் வாங்கி, விலை உயர்ந்த ஸ்லைடு ஃபிலிம் போட்டு, கங்கைகொண்ட சோழபுரம் போய் முப்பத்தாறு படம் எடுத்தேன். ஒரு கலர் லேபில் கொடுத்தேன். ஸ்லைடுக்கான ரசாயனத்தில் கழுவுவதற்குப் பதிலாக, சாதாரண நெகட்டிவ் ரசாயனத்தில் போட்டுவிட்டார்கள். கோயில் விமானம் பச்சையும் மஞ்சளுமாக, நிழலெல்லாம் தார் மாதிரி, நந்தி என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் வந்தது. கடையில் நின்று அரை மணி நேரம் சண்டை போட்டேன். ஒரு ஃபிலிம் ரோலைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

இதற்குக் கிராஸ் பிராசஸிங் என்று பெயர் என்றும், மேல்நாட்டில் சில போட்டோக்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்வார்கள் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இன்ஸ்டாகிராமின் முதல் ஃபில்டர் இதுதான். அதைத் தொடங்கிய கெவின் சிஸ்ட்ரம், இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் போட்டோ படிக்கப் போனபோது, ஆசிரியர் அவருடைய நல்ல கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு ஹோல்கா என்ற பிளாஸ்டிக் கேமராவைக் கொடுத்தாராம். அதுவும் நம் கிளிக் III மாதிரி 120 ஃபிலிமில் சதுரப் படம் எடுப்பது. பல வருடம் கழித்து மெக்சிகோவில் விடுமுறையில் இருந்தபோது அவருடைய தோழி, நண்பர் போடும் படம் மாதிரி என் படம் அழகாக இல்லை என்றார். அந்த நண்பர் ஃபில்டர் போடுகிறார் என்று இவர் சொல்ல, அப்படியானால் நீயும் ஃபில்டர் வை என்றாராம். எழுதியது எக்ஸ்-புரோ II. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வெளியானது. அதற்கு முந்தைய வருடக் கடைசியிலேயே ஹிப்ஸ்டமாட்டிக் என்ற செயலி, லென்ஸும் ஃபிலிமும் மாற்றுவது போன்ற பாவனையோடு வந்துவிட்டது. அன்றைய போன் கேமராக்கள் சுமார்தான். அந்தச் சுமாரை மறைக்கப் பழைய கோளாறு உதவியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக் நூறு கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஃபிலிம் செய்தவருக்கு அந்தக் கதி, ஃபிலிம் மாதிரி செய்தவருக்கு இந்தக் கதி.

செயலி உள்ளே என்ன செய்கிறது என்று பேத்தியிடம் கேட்டேன். அவள் கணினி படிப்பவள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. இன்ன எண் வந்தால் இன்ன எண்ணாக மாற்று என்று ஒரு பெரிய வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபிலிமில் நிறங்கள் எப்படி விழுகின்றன என்று அளந்து எழுதினால் அந்த ஃபிலிமின் வாய்ப்பாடு கிடைத்துவிடும். அதன்மேல் பொரி, ஓர இருட்டு, விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம். கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த வாய்ப்பாடு ஃபிலிமின் அழகை மட்டும் நகலெடுக்காது. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ, அந்த மனசையும் சேர்த்தே நகலெடுக்கும்.

அமெரிக்காவில் கலர் லேபுகளுக்குக் கோடக் ஒரு மாதிரி அட்டை அனுப்புவது வழக்கம். வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் அதில் இருக்கும். அந்தப் பெண்ணின் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. முதலில் அட்டைக்கு நின்றவர் பெயர் ஷெர்லி என்பதால், பிறகு யார் நின்றாலும் அது ஷெர்லி அட்டைதான். கறுத்த முகம் அந்தக் கணக்கிலேயே இல்லை. வெள்ளை முகமும் கறுத்த முகமும் ஒரே படத்தில் இருந்தால், கறுத்தவர் கண்ணும் பல்லுமாகத்தான் தெரிவார். 1970களின் கடைசியில் மொசாம்பிக்கில் வேலை செய்த பிரெஞ்சு இயக்குநர் கோதார், இந்த ஃபிலிம் நிறவெறி பிடித்தது என்று சொல்லிக் கோடக்கைத் தொட மறுத்ததாகச் சொல்வார்கள். கோடக்கை யோசிக்க வைத்ததில் சாக்லேட் கம்பெனிகளுக்கும் மரச்சாமான் கம்பெனிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. விளம்பரத்தில் பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். மனிதர்கள் சொன்னபோது கேட்காத காது மேசை நாற்காலிக்குத் திறந்தது. பல நிறப் பெண்களும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது.

எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அக்கா எங்கே இருந்தாலும் புடவையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டவரின் குற்றம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கூட்டத்திலிருந்து என் தலையை வெட்டாதே என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2017-ல் ஃபேஸ்ஆப் என்ற செயலி, முகத்தை அழகாக்குகிறேன் என்று தோலை வெளுப்பாக்கி, திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்டது. 2021-ல் கூகுள் தன் போனில் கறுத்த தோலையும் உள்ளபடி எடுக்கும் ஏற்பாட்டை ரியல் டோன் என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. உள்ளபடி எடுப்பதையே ஒரு புது வசதியாக விற்க வேண்டியிருந்தது.

பேத்தியின் செயலிகளில் ஒரு மாலை முழுவதும் தேடினேன். கோடக்கின் சாயல் இருக்கிறது, ஃபியூஜியின் சாயல் இருக்கிறது, இல்ஃபோர்ட், ஆக்ஃபா, போலராய்டு எல்லாம் இருக்கின்றன. சிலவற்றுக்கு நேரடிப் பெயர், சிலவற்றுக்கு வெறும் எழுத்தும் எண்ணும். இந்துவின் சாயல் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அதன் வாய்ப்பாட்டை அளக்க வேண்டுமென்றால் என் பரணில் இருக்கும் நெகட்டிவ்களைக் கொண்டுபோய்த்தான் அளக்க வேண்டும். "அளந்துடலாம் தாத்தா" என்கிறாள். செமஸ்டர் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்காவின் படத்துக்கு வருகிறேன். ஏழில் எதுவும் வேண்டாம் என்றாள். உண்மையைச் சொன்னால், முதல் படத்தில் நானும் கை வைத்தேன். வாசல் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுந்து, இடது கண் நிழலில் இருந்தது. ஸ்னாப்சீடில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். இருட்டறையில் கையால் வெளிச்சத்தை மறைத்துச் செய்ததைத்தான் விரலால் செய்தேன். நிறத்தைத் தொடவில்லை. கடையில் கொடுத்து, 12க்கு 15 பிரிண்ட் போடச் சொன்னேன்.

மறுநாள் போனால் உறைக்குள் வேறு யாரோ இருந்தார்கள். சுருக்கம் இல்லை, வெளுத்த முகம். கடைப் பையன் சந்தோஷமாக, "ஃபேஸ் ரொம்ப டார்க்கா இருந்துச்சு சார். நானே பிரைட் பண்ணி ஸ்மூத் பண்ணிட்டேன். அதுக்கு எக்ஸ்ட்ரா எல்லாம் இல்ல சார்" என்றான்.

"தம்பி, நான் குடுத்தபடியே இன்னொண்ணு போட்டுக் குடுங்க. இதுக்கும் காசு குடுத்துடறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சார் கேக்கறாங்க."

"தெரியும். எங்கப்பாவும் அப்படித்தான் கேட்டார்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். இரண்டாவது பிரிண்ட் சரியாக வந்தது. அதற்கு மட்டுந்தான் காசு வாங்கிக்கொண்டான்.

அக்கா அதை ஜன்னலோரம் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தாள். "ஜரிகை நல்லா விழுந்திருக்கு" என்றாள். கண்ணாடி போட்டு மாட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாண்டா, பஸ்ஸில உடைஞ்சுடும். ஊருக்குப் போய்ப் போட்டுக்கறேன்" என்று சொல்லி, தினசரித் தாளில் சுற்றி, பையில் புடவைகளுக்கு நடுவே படுக்க வைத்துக்கொண்டாள்.